பன்னிரண்டாவது காரணம்

பதினோரு பேர் எனக்குக் காரணம் சொன்னார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

ஐஸ் தண்ணீர் என்றார் ஒருவர். மாதவிலக்கு நாளில் தலைக்குக் குளித்தது என்றார் இன்னொருவர். வயதுக்கு வந்தபோது கொடுத்த உளுந்தங்களியைத் துப்பியது, மெகி மீ நூடுல்ஸ், ஊசி போட்டு வளர்த்த கோழி, இடுப்பை இறுக்கும் ஜீன்ஸ், லேபில் ஊரார் இரத்தத்தைத் தொட்டு வேலை செய்வது, குலசாமிக்கு முடி கொடுக்காதது, இருபத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாதது. மற்ற இரண்டும் எழுதக் கூசுகிறது.

பன்னிரண்டாவது காரணத்தை அம்மா சொன்னார். அது கடைசியில்தான்.

என் வலது சினைப்பையில் ஏழரை சென்டிமீட்டர் கட்டி இருந்தது. இரண்டு மாதமாக அந்தப் பக்கம் விட்டுவிட்டு வலித்தது. ஈப்போவில் ஸ்கேன் எடுத்தேன். அரசாங்க மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே டாக்டர் சுரையா பார்த்தார். கட்டியை மட்டும் உரித்தெடுத்துவிடலாம், சினைப்பை தப்பும் என்றார். மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை, அறுவை சிகிச்சை.

"அதற்குள் திடீரென்று வலி வந்து வாந்தியும் வந்தால் காத்திருக்காதே," என்றார். "இந்த அளவில் கட்டி இருந்தால் சினைப்பை அதன் கொடியோடு திருகிக்கொள்ளும். அதற்கு இரத்தம் போகாது. சில மணி நேரத்தில் செத்துவிடும்."

அம்மாவுக்கு அதை நான் தமிழில் சொன்னேன். அம்மா தலையாட்டினார்.

எனக்குப் பேச வராது. பள்ளியில் கேள்விக்கு விடை தெரிந்தும் கை தூக்காதவள். காம்பாரில் உயிர்மருத்துவம் படித்த நான்கு வருடமும் கடைசி வரிசை. இப்போது ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே உறுப்புகள் பாட்டில்களில் வரும். அவற்றோடு பேச வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டு வீரம்மா பெரியம்மா ஊறவைத்த வெந்தயத்தோடு வந்தார்.

"எனக்கும் வந்துச்சுலா இந்தக் கட்டி. மூணு மாசம் வெறும் வயித்துல வெந்தயம் முழுங்கினேன். ஸ்கேன்ல காணோம்ட்டான். நீ என்னாத்துக்குக் கத்திக்குப் போற?"

வெந்தயம் முழுங்காமல் இருந்திருந்தாலும் அவருடைய கட்டி காணாமல்தான் போயிருக்கும். மாதந்தோறும் கருமுட்டை ஒரு சின்ன நீர்ப்பைக்குள் வளர்கிறது. சில மாதம் பை உடையாமல் பெருக்கும். சில மாதம் முட்டை வெளியேறிய பிறகு காலிப் பை மூடிக்கொண்டு நீரோ இரத்தமோ சேர்க்கும். இரண்டும் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். எங்கள் லேபுக்கு அவை வருவதேயில்லை. வருபவை வேறு. கருப்பையின் உள்தோல் போன்ற ஒன்று இடம் மாறி சினைப்பையில் ஒட்டிக்கொள்ளும். அது மாதாமாதம் அங்கேயே இரத்தம் கசியும். அந்தப் பையை அறுத்தால் உருகிய சாக்லேட் மாதிரி ஒழுகும். இன்னொன்று சினைப்பையின் மேல்தோலில் இருந்து வரும். தர்பூசணி அளவுக்கு வளர்ந்தும் வலிக்காது. வயிறு போட்டிருக்கிறது என்று நினைத்து வருடக்கணக்கில் சுமப்பார்கள். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறவர்களுக்கு ஸ்கேனில் முத்துமாலை மாதிரி தெரிவது கட்டியே இல்லை. ஹார்மோன் கோளாறில் பாதியில் நின்ற முட்டைப் பைகள்.

என்னுடையது இவற்றில் எதுவும் இல்லை. டெர்மாய்ட். வெந்தயத்துக்கும் கரையாது, வேண்டுதலுக்கும் கரையாது.

இதையெல்லாம் வீரம்மா பெரியம்மாவிடம் சொல்லவில்லை. "சரி பெரியம்மா," என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

அறுவை சிகிச்சைக்கு முன்பு எக்ஸ்ரே ஒன்றும் எடுத்தார்கள். இடுப்பெலும்பின் நடுவே சின்னதாக, வெள்ளையாக, ஒரு பல் தெரிந்தது. நான் சிரித்துவிட்டேன். லேபில் அப்படிப்பட்டதைக் கையில் எடுத்துக் கழுவியிருக்கிறேன்.

"என்னாது அது?" என்றார் அம்மா.

"பல்லும்மா."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினார்.

"யாரு பையன்?"

"என்ன?"

"பல்லு மொளைக்கிற அளவுக்கு வச்சிருக்க. யாரு பையன்னு கேக்குறேன். லேபுல இருக்கிறவனா?"

எனக்குக் காது சுட்டது. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் இரண்டே பேர். என் சட்டைப் பை முதல் தலையணைக்குக் கீழே வரை அம்மாவுக்குத் தெரியும். நான் வேலை முடிந்து ஆறு மணி பஸ்ஸில் வந்துவிடுவதும் தெரியும். இருந்தும் கேட்டார்.

"குழந்தை இல்லம்மா. முட்டையா ஆக வேண்டிய ஒரு உயிரணு, தானாவே வளர ஆரம்பிச்சிடும். அதுக்குத் தோலா மாறவும் தெரியும், முடியா மாறவும் தெரியும், பல்லா மாறவும் தெரியும். யாரும் தொட வேண்டியதில்ல."

"ஏன் அப்பிடி ஆவுது?"

"யாருக்கும் தெரியாது."

"எப்பலேருந்து?"

"எப்ப வளர ஆரம்பிச்சதுன்னு தெரியாது. ஆனா அந்த அணுவெல்லாம் நான் உன் வயித்துல இருக்கும்போதே உண்டானது."

அம்மா வலது கைக் கட்டைவிரலை இடது கைக்குள் மூடிக்கொண்டார். அந்த விரலில் நகம் எப்போதும் கோணலாகத்தான் வளரும். தடித்து, பழுப்பாக. சின்ன வயதில் நான் அதைப் பிடித்து விளையாடுவேன். ஏன் அப்படி என்று கேட்டதில்லை.

"எடுத்து என்ன செய்வாங்க?"

"லேபுக்கு அனுப்புவாங்க. மெல்லிசா நறுக்கி, சாயம் போட்டு, என்ன இருக்குன்னு பாப்பாங்க."

"எல்லாம் தெரிஞ்சிருமா அதுல?"

"எல்லாம் தெரியும்," என்றேன். என் தொழிலைப் பற்றி அம்மா கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அந்த வாரம் கனகராஜ் மாமா வந்தார். எங்களுக்கு உறவில்லை. பத்து காஜா ஊர்ப் பக்கம் அம்மா வேலை செய்த தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது அவர்தான். ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. அவரும் கோயில் கமிட்டித் தலைவர் ஆகிவிட்டார். ஆனால் அவர் வந்தால் அம்மா இன்னும் உட்கார மாட்டார்.

"என்னா இருளாயி, பாப்பாவுக்குக் கட்டியாமே?"

"ஆமாண்ணே."

"ஐஸ் தண்ணிலா. வேற என்னா குடிக்குதுங்க இந்தக் காலத்துப் பொண்ணுங்க? நம்ம தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு இப்பிடி ஒண்ணு வந்துச்சா சொல்லு. நாலு மணிக்கு எந்திரிச்சி வேலைக்குப் போச்சுங்க. ஒடம்பு கல்லு மாரி இருந்துச்சு."

அம்மா சுவரைப் பார்த்தார்.

"ஆபரேசன் கீபரேசன்னு போனா நாளைக்கு எவன் கட்டுவான்? ஹுத்தான் மெலிந்தாங்குல ஒரு எடம் இருக்கு. பையன் பவித்ரன், போட் இன்ஜின் ரிப்பேர் கடை. நல்ல குடும்பம். ஒரு புள்ள பொறந்தா கட்டியெல்லாம் கரைஞ்சிரும். பதினாறாந்தேதி ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாரேன்."

நான் தேநீரை அவர் முன்னால் வைத்தேன். கரையாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். அந்த மூடிய வாய்க்காக இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு நான் தனியாக மருத்துவமனைக்குப் போனேன். கோயிலுக்குப் போய்விட்டுப் பின்னால் வருவதாக அம்மா சொல்லியிருந்தார். நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பையில் சாரோங், பல் துலக்கும் பிரஷ், உள்ளாடைகள்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் பட்டியலை இரண்டு முறை பார்த்தாள்.

"உங்கள் பெயர் இல்லையே. ரத்தாகிவிட்டது. போன திங்கட்கிழமை நீங்கள்தானே போன் செய்தீர்கள்? அடையாள அட்டை எண்ணெல்லாம் சரியாகச் சொன்னீர்களே."

"நான் செய்யவில்லை."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். நோயாளி விருப்பப்படி ரத்து என்று இருந்தது. என் இடத்தில் வேறு ஒரு பெண் உள்ளே போய்விட்டாள். அடுத்த தேதி ஏப்ரல் முப்பது.

நான் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பசித்தது. பக்கத்தில் ஒருவர் பொட்டலம் பிரித்து நாசி லெமாக் சாப்பிட்டார். அந்தச் சம்பல் வாசனையில் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் போகவில்லை. பையை அவர் முன்னால் எறிந்தேன். பிரஷ் தெறித்து அலமாரிக்கு அடியில் போனது.

"நான்னு சொல்லிப் போன் பண்ணியா?"

"ஞாயித்துக்கெழம பாக்க வாராங்க. வயித்துல தையலோட எப்பிடி நிப்ப?"

"திருகிக்கிச்சுன்னா சினைப்பை போயிரும்னு சொன்னேனா இல்லையா?"

"முனியாண்டி பாத்துக்குவாரு."

"முனியாண்டி வேற பொழப்பு இல்லாம என் வயித்தப் பாத்துக்கிட்டு இருக்காரா?"

அம்மா என்னை அடிக்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடித்த துணியையே மறுபடி மடித்தார். கல்யாணம்தான் காரணம் என்று நம்பினேன். நான்கு நாள் அவரோடு பேசவில்லை. டாக்டரைப் பார்த்து முன்தேதி கேட்டிருக்கலாம். லேபில் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். கேட்பதற்குப் பேச வேண்டும். நான் ஏப்ரல் முப்பதை நாட்காட்டியில் வட்டமிட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். பவித்ரன், அவன் அம்மா விமலா, கனகராஜ் மாமா. நான் சமையலறையில் சேலையோடு நின்று பலகாரத் தட்டை எடுத்தேன். அப்போது வலது அடிவயிற்றில் யாரோ துணி பிழிவதுபோல முறுக்கியது. தட்டை வைத்துவிட்டுத் பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். மறுபடி முறுக்கியது. தரையில் உட்கார்ந்தேன். நேரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து.

"பொண்ணு எங்க, காணோம்?" என்று விமலா கேட்பது கேட்டது.

"கூச்சம்லா," என்றார் கனகராஜ் மாமா. "வாயத் தொறந்து பேசாது இந்தப் புள்ள. நீங்க குடுத்து வச்சவங்க. இருளாயி, வரச் சொல்லு."

அம்மா வந்து நின்றார். என்னைப் பார்த்தார். கால் நகரவில்லை.

"அம்மா, இதுதான். சொன்னேன்ல."

"கொஞ்சம் பொறுத்துக்க பாப்பா. அவங்க போனவொடனே..."

அம்மாவுக்குப் பின்னால் விமலா வந்திருந்தார். கையில் தேநீர்க் கோப்பை அப்படியே இருந்தது. என் முகத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

"இது கூச்சமா? உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா? டேய் பவித்ரா, கார எடுடா!"

"அக்கா, ஒண்ணுமில்ல, வாயுதான்..." என்று கனகராஜ் மாமா கூடத்திலிருந்து சொன்னார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. புள்ள பச்சையா வாந்தி எடுக்குது."

என்னைப் பெண் பார்க்க வந்தவன்தான் என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். சிவப்பு விளக்கில்கூட நிற்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அது போதுமானதாக இருந்தது.

அறுவை அறைக்குள் போக மாலை மூன்று மணி ஆகிவிட்டது. முன்னால் இரண்டு பிரசவ அறுவைகள்.

மறுநாள் காலை டாக்டர் சுரையா கட்டில் ஓரத்தில் நின்றார். மூன்று சுற்று திருகியிருந்தது, கறுத்துவிட்டது, காப்பாற்ற முடியவில்லை, முழுதாக எடுத்துவிட்டோம் என்றார். இடது பக்கம் நன்றாக இருக்கிறது, குழந்தை பெற ஒன்றே போதும் என்றார். நல்ல மனுஷி. ஆனால் எனக்கு இரண்டு இருந்தன. புதன்கிழமை எனக்கு இரண்டு இருந்தன.

"பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வர மூன்று வாரம் ஆகும்."

நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் 'மக்மால்' என்ற மலாய்ச் சொல் அம்மாவுக்குத் தெரியும். லேப். அம்மா எழுந்து நின்று டாக்டரின் கோட்டைப் பிடித்தார்.

"வேணாம்னு சொல்லு, பாப்பா. லேபுக்கு வேணாம்னு சொல்லு."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு வருகிறேன் என்று அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"ஏன் வேணாம்?" என்றேன்.

அம்மா கட்டைவிரலைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"ஏம்மா வேணாம்?"

"மருந்து தெரிஞ்சிரும்."

"என்ன மருந்து?"

அம்மா தரையைப் பார்த்துச் சொன்னார். "புல்லு மருந்து. நீ வயித்துல இருக்கப்ப நான் மருந்தடிக்கிற வேலைதான். முதுகுல பம்பு. பதினெட்டு லிட்டரு. ஒழுகும். முதுகுல எறங்கி இடுப்புல, பாவாடையில எல்லாம் நனைஞ்சிரும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு தடவ தண்ணி கலந்து ஊத்துவோம். கையொறை கெடையாது. மூக்குல ரத்தம் வரும். நகம் கழண்டுச்சு. வயித்துல புள்ள இருக்கு, வேற வேலை குடுங்கண்ணேன்னு கேட்டேன். இதுதான் லேசான வேலை, மரம் வெட்டவா சொல்றேன்னாரு."

"யாரு?"

கேட்கவே தேவையில்லை, பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுத்தவர் ஒருவர்தான்.

"நீ என் வயித்துல இருக்கப்பவே உண்டானதுன்னு நீதான் சொன்ன. நறுக்கிப் பாத்தா எல்லாம் தெரியும்னும் நீதான் சொன்ன. அதுல மருந்து இருக்கும். நீ லேபுல வேல பாக்குறவ. நீயே படிப்ப. எங்கம்மாதான் எனக்கு இத வச்சான்னு நீயே படிப்ப."

அதற்காகப் போன் செய்திருக்கிறார். தனக்குத் தெரிந்த கொஞ்ச மலாயில், என் பெயரைச் சொல்லி, என் எண்ணைச் சொல்லி.

மருந்து அதில் தெரியாது அம்மா, அப்படியெல்லாம் பார்க்கவும் மாட்டார்கள் என்று சொன்னேன். அப்படியானால் மருந்தால் வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அது உண்மையில்லை. இந்தக் கட்டி இதனால்தான் வருகிறது என்று யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. புல்லைக் கொல்லும் அந்த மருந்தால் வருகிறது என்று நான் படித்த எதிலும் இல்லை. முதுகில் பம்பு சுமந்த பெண்களின் மகள்களைத் தேடிப்போய் யாரும் கேட்டதாகவும் நான் படிக்கவில்லை.

"தெரியலம்மா," என்றேன். "நீ வைக்கல. அது மட்டும் தெரியும்."

அம்மா அழுதார். நான் அழவில்லை. தையல் வலித்தது.

மாலை பார்வையாளர் நேரத்தில் கனகராஜ் மாமா ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் அதில் உட்கார்ந்தார். எதிர்க்கட்டில் பெண்ணும் அவள் வீட்டாரும் கேட்கும்படியாகவே பேசினார்.

"பாத்தியா இருளாயி, எங்க கொண்டாந்து விட்டிருக்கு. அந்த ஐஸ் தண்ணிய நிப்பாட்டுன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா? விமலாகிட்ட வேற என் மானம் போச்சு. ஒண்ணு பண்ணலாம். ஒத்தப் பைதான் இருக்குன்னு வெளிய சொல்லாத. நான் பேசிக்கிறேன்."

"மாமா," என்றேன்.

அவர் திரும்பவில்லை. என் குரல் வேறெங்கோ இருந்து வந்ததாக நினைத்திருப்பார்.

"மாமா. எங்கம்மா வயித்துல நான் இருக்கும்போது அந்த பம்பு எத்தனை லிட்டர்?"

இப்போது திரும்பினார்.

"என்னா பம்பு?"

"புல்லு மருந்து பம்பு. நீங்கதானே மண்டோர். எத்தனை லிட்டர்?"

"அது அந்தக் காலம்லா. எல்லாரும்தான் அடிச்சாங்க. கம்பெனி குடுத்த வேலை..."

"எல்லாரும்னா யாரு? நீங்க அடிச்சீங்களா?"

எதிர்க்கட்டிலில் பேச்சு நின்றது.

"அதனாலதான் எனக்குக் கட்டி வந்துச்சுன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாது. தெரியாததச் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் தெரியாது. ஆனா நீங்க வீடு வீடாப் போய் ஐஸ் தண்ணின்னு சொல்றீங்க. ஒடம்பு கல்லு மாரி இருந்துச்சுன்னு சொல்றீங்க. எங்கம்மா நகத்தப் பாத்திருக்கீங்களா? ஏழு மாசம் வயித்துல புள்ளையோட முதுகுல மருந்தச் சுமக்க விட்டுட்டு, இப்ப நான் என்ன குடிக்கிறேன்னு கணக்குப் பாக்குறீங்களா?"

அவர் முகம் சிவந்தது. அம்மாவைப் பார்த்தார். பெரட்டுக்களத்தில் பார்த்தது அந்தப் பார்வையாகத்தான் இருக்க வேண்டும்.

"என்னா இருளாயி, புள்ளைய இப்பிடித்தான் வளத்திருக்கியா? படிச்சிட்டா வாயி நீளுமா?"

இந்த இடத்தில் அம்மா எப்போதும் என் தோளைக் கிள்ளுவார். பெரியவங்ககிட்ட அப்படிப் பேசக்கூடாது என்பார். நான் காத்திருந்தேன்.

அம்மா என் பக்கம் வந்தார். கட்டிலின் விளிம்பில், என் காலருகே உட்கார்ந்தார். கனகராஜ் மாமா முன்னால் அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏழு மாசம் இல்ல, பாப்பா," என்றார். "நீ பொறந்ததுக்கு மொத நாளு வரைக்கும்."

பிறகு வலது கையை மடியிலிருந்து எடுத்து, விரித்து, நகம் தெரிய முட்டியின் மேல் வைத்தார். அவரைப் பார்த்துச் சொன்னார்.

"பதினெட்டு லிட்டருண்ணே. மறந்துட்டீங்களா?"

கனகராஜ் எழுந்து போனார். ஆரஞ்சுப் பை நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். வராந்தாவில் அவரைக் கூப்பிடுவது கேட்டது. திரும்பி வரும்போது கையில் பை இல்லை.

அம்மாமேல் என் கோபம் போகவில்லை. புதன்கிழமையை அவர்தான் எடுத்துக்கொண்டார், அதை யாரும் திருப்பித் தர முடியாது. அதை அவரிடம் சொன்னேன். அன்று எனக்குக் குரல் வந்திருந்தது, அதனால் அதையும் சொன்னேன்.

"சொல்லு," என்றார் அம்மா. "இன்னும் இருந்தா அதையும் சொல்லு."